திரையிற் புத்தரும் பரபக்கப் பௌத்தரும்

சிவஞானசித்தியார் பரபக்கத்தை எம்மிடம் முறையாகப் பாடங்கேட்டு வரும் மாணாக்கன் ஒருவன், சௌத்திராந்திகன் மதமும் அதன் மறுதலையும் முடிந்த நாளன்று, நூலை மூடிவைத்துவிட்டு ஒரு வினா விடுத்தான். அவன் திருவாதவூரை அடுத்த சிற்றூரினன். மாலைதோறும் மதுரைக்கு வந்து பாடங்கேட்பவன். கல்வியில் ஆர்வமும் பெரியோரிடத்து அடக்கமும் ஒருங்கே உடையவன். "ஐயா, அன்பையும் அருளையும் அன்றிப் புத்தர் வேறொன்றும் போதித்ததாக அடியேன் கண்ட தொடரில் இல்லையே! அத்தகைய பெரியாருடைய மரபினரை அருணந்தி சிவாசாரியர் இத்துணை வன்மையாக மறுத்தது எற்றுக்கு? பிறர் மதத்தைச் செவ்வனே அறியாமல் மறுத்து விட்டனரோ?" என்றான்.

அவ்வினாவிற் குறும்பு இல்லை. மெய்யான வருத்தமே இருந்தது. சந்தான குரவருள் ஒருவர் நீதி தவறினரோ என்னும் ஐயம் நல்ல மாணாக்கன் ஒருவன் உள்ளத்தில் முளைக்குமாயின், அதனைச் சினந்து அடக்குதல் ஆசிரியன் கடன் அன்று. அதன் வேரைக் கண்டு களைதலே கடன். ஆகலின் அவன் கண்ட தொடரை யானும் காண்பதென்று துணிந்தேன்.

அது "புத்தா: ராஜாவோங் கா ராஜா" என்னும் இந்தி நாடகத் தொடர். பி. கே. மோடி என்பார் தயாரித்தது. 2013-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஜீ தொலைக்காட்சியில் தொடங்கி, 55 பகுதிகளாக நடைபெற்றது. ஹிமான்ஷு சோனி என்னும் நடிகர் அதிற் புத்தராகத் தோன்றுகிறார். மடத்துப் பாடமுறையில் வளர்ந்த எம்மனோர் இத்தகைய காட்சிகளில் நாட்டம் வைப்பது அரிதேயாயினும், மாணாக்கனோடு உடனிருந்து அதனைக் கண்டேன். பின்னர், பௌத்தத்தைத் தொட்டுச் செல்லும் வேறு சில தொடர்களையும் அவனே தேடிக்கொணர்ந்தான். அனிமே என வழங்கும் ஜப்பானியச் சித்திரத் தொடர் ஒன்று, ஆங்கில ஆவணத் தொடர் ஒன்று, பாட்காஸ்ட் எனப்படும் ஒலித்தொடர் ஒன்று ஆகியன அவை. அவற்றைக் கண்டும் கேட்டும் யான் கொண்ட மதிப்பீட்டைச் சைவ அன்பர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

மதிப்பீட்டிற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனை நாம் புதிதாகச் செய்துகொள்ள வேண்டுவதில்லை. நம் ஆசிரியர் ஆக்கித் தந்திருக்கின்றனர். பரபக்கத்திலே உலகாயதன் முதலாக ஒவ்வொரு மதத்தினனும் முதலில் தன் கொள்கையைத் தானே எடுத்துரைக்கின்றான். அவன் கூறி முடித்த பின்னரே மறுதலை தொடங்குகின்றது. பௌத்தருள் சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என நால்வரைத் தனித்தனியே நிறுத்தி, நால்வர்க்கும் தனித்தனியே விடை கூறுகின்றார் அருணந்தி சிவாசாரியர். "பௌத்தர் எல்லாரும் ஒன்றே" என்று ஒரே மூச்சில் தள்ளிவிடுதல் அவர்க்கு எளிதாயிருந்திருக்கும். அவர் அது செய்திலர். மாற்றான் வாய்மொழியைச் சிதையாமல் எடுத்து நிறுத்துவது பூருவபக்கத்தின் அறம்.

இவ்வறத்தினின்று இரண்டு வினாக்கள் பிறக்கின்றன. ஒரு காட்சியைக் காணும் பௌத்தன், "ஆம், எம் கொள்கை இதுவே" என்று தலையசைப்பானா? அதனையே காணும் சைவன், "இன்ன இடத்தில் யான் இவனோடு மாறுபடுகின்றேன்" என்று ஓரிடத்தைச் சுட்டிக் காட்டக் கூடுமா? இவ்விரண்டற்கும் ஆம் என்னும் விடை பெறும் காட்சியே பௌத்தத்தைக் காட்டியதாகும். ஏனைய, பௌத்தரின் ஆடையை மாத்திரம் காட்டியனவாம்.

பௌத்தத்தோடு நாம் மாறுபடும் இடங்கள் மறைவானவை அல்ல. நிலைத்த ஆன்மா என ஒன்று இல்லை; உருவம், வேதனை, குறிப்பு, பாவனை, விஞ்ஞானம் என்னும் ஐந்து கந்தங்களின் கூட்டமே ஆள் எனப்படுவது என்பர் அவர். உள்பொருள் யாவும் கணந்தோறும் தோன்றிக் கணந்தோறும் கெடும் என்பர். உலகிற்குக் கருத்தாவாகிய இறைவனை வேண்டார். காண்டல், கருதல் என்னும் இரண்டையே அளவைகளாகக் கொள்வர். ஆன்மா நித்தியம், அதனைப் பற்றிய மலம் அநாதி, அதனை நீக்கும் பதி ஒருவன் உளன் என்னும் நம் மும்முதற் கொள்கைக்கு இவை ஒவ்வொன்றும் நேர்மாறாவன. ஒரு மயிரிழை வேறுபாடு அன்று இது. வீட்டின் அடித்தளத்திலேயே உள்ள வேறுபாடு.

இனி அவ் இந்தித் தொடரை நோக்குவாம். குடும்பத்தோடு அமர்ந்து காணத்தக்க தூய்மையும், நாயகராக நடித்தவரிடத்து ஓர் அமைதியும் அதில் உள என்பதை மறைத்தல் முறையன்று. ஆயின் கதையோட்டத்தில், துறவுக்கு முந்திய அரண்மனை வாழ்வும், அங்கு நிகழும் சூழ்ச்சிகளும், தேவதத்தன் பகையும் நெடிது இடம் பெறுகின்றன. போதிமர நிழலில் ஞானம் பெற்றது ஒளியாகவும் இசையாகவும் காட்டப்படுகின்றது. அந்த ஞானம் யாது என்பதோ காண்பார் நெஞ்சில் ஊன்றுமாறு நிற்கவில்லை. 55 பகுதிகளையும் கண்டு முடித்த என் மாணாக்கனை, "புத்தர் ஆன்மா உண்டென்றாரா, இல்லையென்றாரா?" என்று வினவினேன். சிறிது நினைந்து, "உண்டென்றுதான் கூறியிருப்பார், ஐயா, மறுபிறப்பைப் பேசுகின்றனரே" என்றான். பௌத்தத்தின் நடுநாடியாகிய அனான்மக் கொள்கையை, புத்தர் சரிதத்தை முற்றக் கண்டவன் ஒருவன் தலைகீழாக அறிந்து எழுந்தான் என்றால், அக்காட்சி யாரைக் காட்டிற்று?

அத்தொடர் வெளிவந்த காலத்து அதனைப் பற்றி ஒரு பூசலும் எழுந்தது. புத்தர் பிறந்தது இந்தியாவில் என்னும் கூற்று விளம்பரத்தில் வந்ததாக நேபாளத்தார் வெகுண்டனர். லும்பினி தங்கள் நாட்டதன்றோ என்றனர். அந்நாட்டுக் கேபிள் தொலைக்காட்சியார் ஜீ ஒளிபரப்பை நிறுத்தி வைத்தனர். லும்பினி நேபாளத்தில் உளது என்பது உண்மையே. அவர்தம் வருத்தமும் இயல்பே. எனினும் அப்பெரியார் எங்குப் பிறந்தார் என்பதற்கு இரு நாட்டார் பூசலிட்டனர்; அவர் என்ன கூறினார் என்பதற்கு அத்தகைய பூசல் எழவில்லை. பூசலிடத்தக்க கூற்று எதுவும் முன்வைக்கப்படாமையே அதற்குக் காரணம் என்க.

தொடரில் வரும் புத்தர் தேவர் போல ஒளிர்கின்றார். காண்போர் கைகுவிக்கின்றனர். இவ்விடத்தில் சேக்கிழார் பெருமான் நினைவுக்கு வருகின்றார். ஆளுடைய பிள்ளையார் போதிமங்கையைச் சார்ந்தபோது சாரிபுத்தன் என்னும் தேரனோடு நிகழ்ந்த வாதத்தை அவர் பாடியிருக்கின்றார். முத்தியிலே கந்தம் ஐந்தும் கெட்டொழிந்தன எனின், நீவிர் செய்யும் வழிபாட்டைக் கொள்பவர் யாவர் என்பது அவ்வாதத்தில் எழும் வினா. எட்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட அப்புராணத்தில் பௌத்தனும் தன் முத்தியிலக்கணத்தைக் கூறுகின்றான். சைவரும் அதனைப் பற்றி நின்று வினவுகின்றனர். இற்றை நாள் தொடரோ, அவ்வினாவே எழாதபடி அவரை வழிபடு கடவுளர் வரிசையில் ஒருவராக அமர்த்திவிட்டது. இதனை மதிப்பு என்று கருதுவார் உளர். ஒருவர் கூறியதை மறைத்துவிட்டு அவர்க்கு மாலை சூட்டுதல் மதிப்பாகாது.

உருவம் மாத்திரம் கொள்கையை உரையாது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணமலையில், செட்டிப்புடவு என்னும் குகையருகே, அமர்ந்த நிலையிற் பெரிய தீர்த்தங்கரர் உருவம் ஒன்று புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றது. அங்குச் செல்வோருட் பலர் அதனைப் புத்தர் எனக் கூறி வணங்கக் கேட்டிருக்கின்றேன். சமணரோ நிலைத்த உயிர் உண்டு என்பவர். பௌத்தர் இல்லை என்பவர். அமர்ந்த கோலம் ஒன்று, கொள்கை எதிரெதிர். கல்லிற் செதுக்கிய உருவத்திற்கு நேர்ந்த மயக்கமே திரையில் ஓடும் உருவத்திற்கும் நேர்கின்றது. அசைகின்றது, பேசுகின்றது என்பதனால் அம்மயக்கம் குறைந்துவிடாது.

கோலத்துக்கும் கொள்கைக்கும் உள்ள வேறுபாட்டைச் சாக்கிய நாயனார் வரலாறு போல விளக்குவது பிறிதில்லை. சங்கமங்கையிற் பிறந்து, காஞ்சி சென்று பௌத்தம் புகுந்து, அதனை ஆராய்ந்து, சிவநெறியே மெய்யெனத் தெளிந்த பின்னும், அவர் சாக்கிய வேடத்தை மாற்றிலர். அவ்வேடத்தோடு நின்றே கல்லெறிந்து பூசை செய்தார். வேடத்தை மாத்திரம் காண்பவன் அவரைத் தேரர் என்பான். எறிந்த கல்லை மாத்திரம் காண்பவன் பகைவர் என்பான். அவர் உள்ளத்துத் துணிபை அறிந்தவனே நாயனார் என்பான். அத்துணிபைக் காட்ட மாட்டாத கலை, அறுபத்துமூவருள் ஒருவரையும் தவறாகவே காட்டும்.

மேற்கூறியதற்கு நேர் எதிரான பிழை ஒன்று நம் தமிழிலேயே உண்டு. ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 'கல்கி' வார இதழில் 1944 முதற் பகுதி பகுதியாக எழுதிய 'சிவகாமியின் சபதம்' தமிழ் வீடுகளில் வாரந்தோறும் எதிர்பார்த்துப் படிக்கப்பெற்றது. இன்று ஒலிநூலாகவும் கேட்கப்பெறுகின்றது. அதில் நாவுக்கரசர் பெருமான் தோன்றும் இடங்கள் பத்தி மணம் கமழ்வன. பௌத்தத்தின் முகமாக வருபவரோ நாகநந்தி. அவர் வேவுகாரர், வஞ்சகர், நஞ்சினும் கொடியர். பிக்குவின் ஆடை அவர்க்கு ஒளிந்துகொள்ளும் திரையே. கதைக்கு அது சுவை என்பதில் ஐயமில்லை. அக்கதையை மட்டும் அறிந்த சைவச் சிறுவன், பௌத்தர் என்போர் ஒற்றர் எனக் கருதி வளர்வான். இந்தித் தொடரை மட்டும் அறிந்தவன், அவர் தேவர் எனக் கருதி வளர்வான். இருவரும் பரபக்கத்தைப் படிக்க ஆயத்தம் ஆகார். பின்னர் 1950 முதல் எழுதிய 'பொன்னியின் செல்வ'னில், நாகைச் சூடாமணி விகாரத்துப் பிக்குக்களை நோயுற்ற இளவரசரைப் பேணும் அருளாளராக அவ்வாசிரியரே காட்டியதையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. அவ்விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியவன் சிவபாதசேகரனாகிய இராசராசனே. கொள்கையில் வாதமும் வாழ்க்கையில் ஈகையும் ஒருங்கு நிற்கக் கூடும் என்பதை அம்மன்னன் காட்டினான்.

ஈண்டு ஒருசாரார், "கதைக்காட்சியிற் கதையன்றோ வேண்டும்? கணபங்கத்தையும் அளவையையும் அதில் நுழைத்தால் காண்பார் யார்?" என்பர். அதற்கு விடை கூறியவர் நம் மதுரைக் கூலவாணிகர் சாத்தனார். அவர் இயற்றிய மணிமேகலை முப்பது காதைகளாகத் தொடர்ந்து செல்லும் கதை. அதிலும் காதல் உண்டு, விஞ்சையர் உண்டு, சிறைக்கோட்டம் உண்டு, பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபி உண்டு. இவற்றாற் கேட்போரை ஈர்த்துக் கொண்டுபோய், இருபத்தேழாங் காதையில் வஞ்சி மாநகரிலே சமயக்கணக்கர் பலரை வரிசையாகப் பேச வைக்கின்றார். அவருட் சைவவாதியும் ஒருவன். பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள் வாயிலாக இருபத்தொன்பதாங் காதையில் அளவை நூலையும், முப்பதாங் காதையிற் சார்பிற்றோற்றத்தையும் கூறி முடிக்கின்றார். சைவவாதிக்கு அவர் அளித்த இடம் சுருங்கியதே. அதனை நாம் குறையாகக் கூறலாம். எனினும் தம் கொள்கை எது என்பதை அவர் ஒளித்திலர். கதைக்குப் பெரும்பகுதி, கொள்கைக்கு ஈற்றுப்பகுதி என அவர் பகுத்த அளவும் கவனிக்கத்தக்கது. மதுரைப் பண்டசாலையில் தானியம் அளந்த ஒருவர்க்கு இயன்றது, பெரும்பொருள் செலவிட்டுத் தொடர் எடுப்பார்க்கு இயலாது என்பது எங்ஙனம் பொருந்தும்?

ஆவணத் தொடர் என்பதற்கு யான் கண்டது, மைக்கேல் வுட் என்னும் ஆங்கிலேயர் 2007-இல் பி.பி.சி.க்காக ஆறு பகுதிகளாக இயற்றிய 'இந்தியாவின் கதை'. அவர் தமிழகத் திருத்தல யாத்திரை பற்றி நூலும் எழுதியவர். நம் நாட்டை அன்போடு காண்பவர். இரண்டாம் பகுதியிற் புத்தரையும் அசோகரையும் கூறுகின்றார். மூன்றாம் பகுதி யவனர் வந்து சென்ற வாணிகத்தைக் கூறுவது. அதில் மதுரை அங்காடி வருகின்றது. பின்னர்ப் பெஷாவர் சென்று கனிஷ்கன் எடுப்பித்த பெருந்தூபியை நினைவுறுத்துகின்றார். இடத்தையும் காலத்தையும் காட்டுவதில் இத்தொடர் மிக்க பயனுடையது. ஆயின் அதனைக் காணும் தமிழன், அங்காடிக்கு மதுரை, பௌத்தத்துக்கு வடமேற்கு எனப் பிரித்து எண்ணிவிடக் கூடும். அவ்விரண்டையும் ஒருவராகவே இணைத்து நின்ற சாத்தனாரை அவனுக்கு நினைவூட்ட வேண்டியவர் நாமே.

சித்திரத் தொடர் சிறுவர்க்குரியது என்று ஒதுக்க எண்ணியே பார்த்தேன், ஒதுக்கக் கூடவில்லை. 'இக்கியூ சான்' என்பது அதன் பெயர். 1975 முதல் 1982 வரை 296 பகுதிகளாக ஜப்பானில் ஒளிபரப்பாயிற்று. 1394-இற் பிறந்து 1481-இல் மறைந்த இக்கியூ என்னும் ஜென் துறவியின் இளமையைப் பற்றிய கதைகள் அவை. மன்னர் மரபிற் பிறந்தும் தாயைப் பிரிந்து மடத்திலே வளரும் சிறுவன், விடியலில் எழுந்து தரை துடைப்பான், மூத்தோர்க்குப் பணிவான், இரவில் தாயை நினைந்து கண்கலங்குவான். இளமையில் வீட்டைப் பிரிந்து மடத்தில் தங்கிப் படித்தவர்க்கு இதிற் புதிதாக ஒன்றும் இராது; ஆயினும் நெஞ்சம் நெகிழும்.

பகுதிதோறும் ஒரு புதிரை அவன் அவிழ்க்கின்றான். "ஹஷி வழியே கடத்தல் ஆகாது" என்று பாலத்தருகே ஒருவர் பலகை நாட்டுகின்றார். ஹஷி என்பது அம்மொழியிற் பாலத்தையும் குறிக்கும், ஓரத்தையும் குறிக்கும். சிறுவன் பாலத்தின் நட்ட நடுவே நடந்து சென்று, "ஓரத்தில் யான் கால் வைத்திலேன்" என்கின்றான். நம் சிலேடைப் புலவர் கேட்டால் மகிழ்வர். பிறிதொரு நாள், மடிப்புத் திரையில் எழுதிய புலியைக் கட்டுக எனத் தலைவர் ஆணையிட, கயிற்றைப் பிடித்து நின்று, "அதனை வெளியே விரட்டிவிடுங்கள், கட்டுகின்றேன்" என்கின்றான்.

இத்தொடர் கொள்கையை விரித்துரைப்பதில்லை. ஆதலின் என் இரு வினாக்களுக்கும் முழு விடை தாராது. எனினும் புலிக்கதையைக் கேட்ட மாணாக்கன், "ஐயா, வெளியே புலி உண்டு, எழுதிய புலி வேறு என்பதனாலன்றோ நகைக்கின்றோம்? புறப்பொருள் யாவும் அறிவின் தோற்றமே என்னும் யோகாசாரன் இதற்கு நகைப்பானா?" என்றான். பரபக்கத்தில் அடுத்து வர இருந்த மதத்தை அவனே நெருங்கிவிட்டான். சிறுவர் கதை ஒன்று இவ்வளவு செய்யுமாயின் அதனைக் குறை கூற எனக்கு மனம் இல்லை.

இறுதியாக ஒலித்தொடர். பீட்டர் ஆடம்சன் என்னும் தத்துவப் பேராசிரியர் நடத்தும் 'இடைவெளியற்ற தத்துவ வரலாறு' என்பதில், 2015 முதல் இந்திய தரிசனங்களைப் பற்றிய பகுதிகள் ஜோனார்டன் கனேரி என்பாரோடு சேர்ந்து இயற்றப்பெற்றன. பின்னர் 2020-இல் நூலாகவும் வெளிவந்தன. படம் இல்லை, ஒளிவட்டம் இல்லை, போர் இல்லை. நாகார்ச்சுனர் சூனியம் என்றது யாது, வசுபந்து கூறியது யாது, திக்நாகர் அளவைகளை இரண்டாக வரையறுத்தது எதனால் என்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கின்றனர். நையாயிகர், மீமாஞ்சகர் முதலியோர் கூற்றுக்கும் இடம் உண்டு. மணிமேகலை இருபத்தொன்பதாங் காதையின் அளவைப் பகுதி திக்நாகர் மரபுக்குரிய நியாயப்பிரவேசத்தோடு பெரிதும் ஒத்துச் செல்வதை முன்னரே அறிஞர் காட்டியுள்ளனர். அதனைப் பலகால் பாடஞ் சொன்ன யான், அதன் பின்புலத்தை இவ்வொலித்தொடர் வழியே மேலும் தெளிந்தேன் என்று கூற நாணவில்லை. என் இரு வினாக்களுக்கும் "ஆம்" என்னும் விடை பெற்றது இதுவொன்றே.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்னும் நான்கனுள் இது தருவது கேட்டல் மாத்திரம். நடக்கும்போதும் சமைக்கும்போதும் செவியில் விழும் சொல்லை இடைமறித்து, "அது எங்ஙனம்?" என வினவ இயலாது, வினவாதவன் தெளிந்ததாகத் தானே எண்ணிக்கொள்வான். எனவே ஒலித்தொடர் ஆசிரியனுக்கு ஈடாகாது; ஆசிரியனிடம் வினாக்களைக் கொண்டுவரும் தூதாகும்.

"பௌத்தம் தவறாகக் காட்டப்பட்டால் சைவர்க்கு என்ன இழப்பு? நன்றேயன்றோ?" என்று கேட்கும் அன்பரும் உளர். இழப்பு நமக்கே என்க. சித்தாந்தம் என்னும் சொல்லே முடிந்த முடிபு எனப் பொருள்படும். எதிர்நின்ற கூற்றுக்களை எல்லாம் கேட்டு, ஆராய்ந்து, முடித்த முடிபு அது. எதிர்க்கூற்று மறைந்தால், முடிபு என்பது வெறும் கூற்றாகிவிடும். திருவாதவூரடிகள் தில்லையில் ஈழத்துப் பௌத்தரோடு வாதிட்ட வரலாற்றோடு நம் முன்னோர் இயைத்துரைக்கும் திருச்சாழலை நோக்குக. அதன் இருபது பாடல்களிலும் தடை முன்னும் விடை பின்னுமாக நிற்கின்றன. தடையை நீக்கிவிட்டு விடையை மாத்திரம் ஓத முடியாது. மாற்றான் வினாவும் நம் திருமுறைக்குள்ளேயே காக்கப்பட்டிருக்கின்றது.

இனி மாணாக்கனிடம் மீள்வேன். ஒலித்தொடரைக் கேட்டு முடித்த பின்னர் சௌத்திராந்திகன் மதத்தை மறுமுறையும் தொடங்கினோம். இம்முறை அவன் பௌத்தன் பக்கம் நின்று பேசினான். "ஐயா, தொலைக்காட்சியில் ஒரு நொடிக்கு 25 நிலைப்படங்கள் தோன்றி மறைகின்றன. அவற்றுள் ஒன்றேனும் அசைவதில்லை. நடந்து செல்லும் சித்தார்த்தர் என ஒருவர் திரையில் இல்லை. கணந்தோறும் பிறந்து கெடும் படங்களே உள. நீரும் யானும் அத்தகையோமே" என்றான். கணபங்கத்திற்கு இதனினும் சிறந்த உவமையை யான் எந்நூலிலும் கண்டிலேன். "படங்கள் மறையும், அவற்றை ஒன்றாகத் தொடுத்துக் காண்பவன் மறையாமல் எதிரே இருக்கின்றான். முதற்படத்தைக் கண்டவனே இறுதிப் படத்தையும் கண்டாலன்றி, நடந்தான் என்பது எங்ஙனம் பெறப்படும்?" என்றேன். அவன் விடவில்லை. "காண்பவனும் ஒரு தொடர்ச்சியே. முந்திய கணத்து அறிவு தன் வாசனையைப் பிந்திய கணத்து அறிவிற்கு ஈந்து கெடும், விளக்கினின்று விளக்கு ஏற்றினாற்போல" என்றான்.

அவ்விடத்து எனக்கு விடை உடனே எழவில்லை. நாற்பது ஆண்டாகப் பரபக்கத்தைப் பாடஞ்சொல்லி வந்தவன் யான். மாற்றார் மதம் கூறும் செய்யுட்களை விரைந்து கடந்து, மறுதலைச் செய்யுட்களில் நின்று விரித்துரைப்பதே என் வழக்கமாயிருந்தது. கொள்கையை மறைத்துக் கோலத்தைக் காட்டிற்று என்று அத்தொடரின்மேல் யான் சுமத்திய குற்றம், அளவிற் சிறிதாயினும், என் பாடத்திலும் இருந்ததென உணர்ந்தேன். அவனிடம் ஓரிரவு தவணை கேட்டேன்.

மறுநாள் கூறியது இது: "ஈவது உள்ள கணத்தில் ஏற்பது இன்னும் தோன்றவில்லை, ஏற்பது தோன்றிய கணத்தில் ஈவது கெட்டுவிட்டது. எனவே ஈதல் கூடாது. இரண்டும் ஒரு கணத்தில் உடனிருந்தன எனின், முன்னது இரண்டு கணம் நின்றதாகக் கணபங்கம் கெடும். ஏற்றும் விளக்கும் ஏற்கும் திரியும் உடனிருத்தலினாலேயே தீப்பற்றுகின்றது. ஆகலின் உவமையும் உனக்கு மாறாகவே நிற்கின்றது." அவன் நெடுநேரம் சிந்தித்தான். "இதற்கும் பௌத்தர் ஒரு விடை கூறுவர், ஐயா, தேடி வருவேன்" என்றான். நன்று என்றேன். பின்னர், யான் கேளாமலே, "ஆசிரியர் அறியாது மறுத்தனரோ என்று அன்று கூறியது அடியேன் பிழை. மாற்றான் இத்துணை வலியன் என்பதை அறியாமையாற் கூறினேன்" என்றான்.

உ. வே. சாமிநாதையர் அவர்கள் திருவாவடுதுறை ஆதீனத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்றவர். அவரே 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது, பௌத்த நூற்கருத்துக்களை அறிந்தாரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்து, புத்தசரித்திரம், பௌத்ததருமம், பௌத்தசங்கம் என்பவற்றை எழுதிச் சேர்த்தார். சைவ மடத்துக் கல்வி அவரைத் தடுக்கவில்லை. அக்கல்வி தந்த பொறுமையே அப்பணிக்குத் துணையாயிற்று. அவ்வழி நமக்கும் உரியது.

ஆகலின் சைவ நன்மக்களுக்கு யான் கூறுவது இதுவே. இளையோர் இத்தொடர்களைக் காண்பதைத் தடுக்க முயலற்க, தடுத்தல் இயலாது, இயலினும் பயனில்லை. உடனிருந்து காண்க. கண்டபின், "இவர் ஆன்மாவைப் பற்றி என்ன கூறினார்?" என்னும் ஒரு வினாவை மாத்திரம் கேட்க. விடை வாராதாயின், அக்காட்சியின் குறை தானே விளங்கும். விடை வருமாயின், பரபக்கத்தைத் திறப்பதற்கு அதுவே நல்ல நாள். பாடஞ்சொல்லும் ஆசிரியர் மாற்றார் மதம் கூறும் செய்யுட்களை விரைந்து கடவாதிருப்பாராக. மாற்றானை முழுதும் பேசவிட்டுப் பின்னர் விடையிறுத்த அருணந்தி சிவாசாரியர் திருவடிகளைச் சிந்தித்து இதனை முடிக்கின்றேன்.

திருச்சிற்றம்பலம்.